அத்தியாயம் 11: பழைய துப்பாக்கியை ஏலத்தில் எடுக்கலாமா?

குளுவாங், கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ செம்பனை வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசினால் காட்டுப்பன்றிப் பேச்சு வராமல் இருக்காது. கன்று நட்ட முதல் வருடத்திலேயே பன்றி வந்து குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. டுரியான் போட்டவர்களுக்குக் குரங்கும் அணிலும் தொல்லை. பேச்சு அடுத்துத் துப்பாக்கியில் வந்து நிற்கும். புதுசு வாங்கக் காசு அதிகமாகும், வீட்டையும் காரையும் லேலோங்கில், அதாவது ஏலத்தில், எடுப்பதுபோல் பழைய துப்பாக்கியையும் எடுக்க முடியாதா என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் அமெரிக்க ஏலக் காணொளிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்னும் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜொகூரில் அப்படி எடுக்க முடியாது. பொதுமக்கள் கை தூக்கித் துப்பாக்கியை ஏலம் எடுக்கும் கூடம் இங்கே கிடையாது. முடிகிற நாடுகளிலும், தோட்டத்துக்கு வேலை செய்யும் துப்பாக்கி தேடுகிறவருக்கு ஏலம் நல்ல இடமில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஓர் அடி தவறாக வைத்தாலும் நட்டம் பணத்தோடு நிற்காது, ஆள் உள்ளே போக வேண்டிவரும்.

பொருளுக்கு முன்னால் உரிமம்

ஏலம் என்றாலே பொருள் முன்னால் இருக்கும். பார்ப்போம், விலை கேட்போம், பிடித்தால் எடுப்போம், பத்திரம் பதிவெல்லாம் பிறகு. மலேசியாவில் துப்பாக்கிக்கு இந்த வரிசை தலைகீழ். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. தகுந்த அனுமதி இல்லாத ஒருவருக்கு விற்பதும் குற்றம். முதலில் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில், நாம் ஐபிடி என்று சொல்லும் இடத்தில், விண்ணப்பிக்க வேண்டும். என்ன தேவைக்கு, எங்கே வைத்திருப்பீர்கள், உங்கள் பேரில் குற்றப் பதிவு உண்டா, நிலம் உண்மையிலேயே உங்களுடையதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். முடிவு எடுப்பது மாநிலப் போலீஸ் தலைவரின் அதிகாரம். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவர் பேருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது.

அதனால் துப்பாக்கியின் விலை இங்கே இரண்டாம் பட்சம். பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை யாராவது இலவசமாகவே கொடுத்தாலும், உரிமம் இல்லாமல் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து நீங்கள் குற்றவாளி. ஆயுதச் சட்டத்தின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் அவற்றைக் கடத்துகிறவர் என்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. அரசாங்கம் கைப்பற்றும் துப்பாக்கிகள் ஏலக் கூடத்துக்கு வருவதில்லை. போலீஸ் அவற்றை உருக்கி அழிக்கிறது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நம் சமூகத்துக்கு இதில் நேரடியான நினைவு ஒன்று உண்டு. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, உரிமம் இல்லாத ஆயுதம் கையில் இருந்தாலே தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் குரல் கொடுத்த தமிழர், 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. கண்டெடுத்ததை ஒப்படைக்கப் போனதாக அவர் தரப்பு சொன்னது எடுபடவில்லை. இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்களும் பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. அதே ஆண்டில்தான் இன்றைய ஆயுதச் சட்டமும் வந்தது. அந்தக் காலத்தின் அச்சத்தில் எழுதப்பட்ட சட்டம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், எதற்கு இத்தனை பிடிமானம் என்று புரியும்.

ஜொகூர்க்காரர்களுக்கு அண்மைய காரணமும் உண்டு. 2024 மே 17 அதிகாலையில் உலு திராம் காவல் நிலையத்துக்குள் பாராங்கத்தியோடு நுழைந்தவன் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான். அதில் ஒருவரைச் சுட்டது போலீஸிடமிருந்தே பறித்த ஆயுதத்தால். அதற்குப் பிறகு துப்பாக்கி என்ற சொல்லோடு ஐபிடி வாசலில் நிற்பவரை அதிகாரிகள் கூர்ந்து பார்ப்பதில் வியப்பில்லை. அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஏலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது

காணொளியில் பார்க்கும் அமெரிக்க ஏலக்கூடங்கள் உண்மைதான். இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ராக் ஐலண்ட் நிறுவனம் ஒரே வார இறுதியில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை விற்கிறது. இங்கிலாந்திலும் ஹோல்ட்ஸ், போனாம்ஸ் போன்றவை வேட்டைத் துப்பாக்கிகளை ஏலம் விடுகின்றன. ஆனால் சுத்தியல் விழுந்ததும் எடுத்தவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதில்லை. அமெரிக்காவில் சாதாரணமாக அது உரிமம் பெற்ற ஒரு வணிகரிடம் போய்ச் சேரும். அங்கே படிவம் நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கைக்கு வரும். 1898க்குள் செய்யப்பட்ட பழம்பொருளுக்கு மட்டும் அந்நாட்டு மத்தியச் சட்டத்தில் சலுகை. இங்கிலாந்தில் ஷாட்கன் எடுக்க முன்கூட்டியே போலீஸ் சான்றிதழ் வேண்டும்.

விலையையும் பார்த்துவிடுவோம். ஏலக்காரர் உரக்கச் சொல்லும் தொகை கடைசித் தொகை அல்ல. அதற்கு மேல் வாங்குகிறவர் கட்ட வேண்டிய தரகு ஒன்று உண்டு. 15 முதல் 25 விழுக்காடு வரை சாதாரணம், சில இடங்களில் அதற்கும் மேல். இங்கிலாந்தில் 1,000 பவுனுக்கு ஒரு துப்பாக்கி விழுந்தது, தரகு 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகு 250 பவுன், அந்தத் தரகின் மேல் 20 விழுக்காடு வரி 50 பவுன். ஆயிரம் என்று கை தூக்கியவர் 1,300 கட்டுகிறார். அனுப்புகிற செலவு, வணிகரிடம் வைத்திருக்கும் கட்டணம் எல்லாம் தனி. அதை மலேசியாவுக்குக் கொண்டுவர அங்கே ஏற்றுமதி அனுமதியும் இங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஒரு பன்றித் துப்பாக்கிக்காக இவ்வளவும் செய்ய நினைப்பவர் மேலும் இரண்டு ஏக்கர் வாங்கிப் போடலாம்.

கைப்பற்றிய துப்பாக்கிகளை ஏலம் விடும் இடங்களும் அமெரிக்காவில் உண்டு. கென்டக்கி மாநிலச் சட்டம் போலீஸ் பிடித்த துப்பாக்கிகளை உரிமம் பெற்ற வணிகர்களுக்கு ஏலத்தில் விற்கச் சொல்கிறது. 2023 ஏப்ரலில் லூயிவில் நகரில் ஒரு வங்கிக்குள் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றவன் பயன்படுத்திய துப்பாக்கியும் அந்தச் சட்டப்படி ஒருநாள் ஏலத்துக்கு வந்துவிடும் என்று அந்நகர மேயரே வெளிப்படையாக வருந்தினார். கொலைக்கருவி மறுபடியும் சந்தைக்கு வரும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. உருக்கி அழிக்கும் நம் நாட்டு வழக்கமே சரி என்பது என் கருத்து.

வரலாற்றுப் பொருளாக விற்கும் துப்பாக்கிகளின் கணக்கு வேறு. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட கோல்ட் கைத்துப்பாக்கி 2021 ஆகஸ்டில் போனாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. திப்பு சுல்தானுக்காக 1793, 94 வாக்கில் ஆசாத் கான் முகமது செய்த வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு 20 லட்சம் பவுன் மதிப்பு. 2023இல் அது நாட்டை விட்டுப் போகாமலிருக்க பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. திப்பு வீழ்ந்த 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளைபோன செல்வம் இன்னும் லண்டனில் கைமாறிக்கொண்டிருப்பது நமக்கு வலிக்கிற சேதி. ஆனால் இந்த விலைகள் இரும்புக்கும் மரத்துக்கும் கொடுத்தவை அல்ல, கதைக்குக் கொடுத்தவை. உங்கள் தாத்தாவின் துருப்பிடித்த பர்மிங்ஹாம் துப்பாக்கிக்கு அப்படி விலை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

ஏலம் ஏன் துப்பாக்கிக்குப் பொருந்தாது

ஜொகூரில் லேலோங்குக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஏலத்தின் அடிப்படை விதி தெரியும். இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். உயர்நீதிமன்றம் அல்லது நில அலுவலகம் வழியாக விற்கும் வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் இல்லாமல் ஏலத்தில் கலந்துகொள்ள முடியாது. மீதியை 120 நாளுக்குள் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். வீட்டுக்குள் ஆள் குடியிருந்தாலும் கூரை ஒழுகினாலும் எடுத்தவர் பாடு. இதில் ஆபத்து உண்டு, ஆனாலும் லாபமும் உண்டு. ஒழுகும் கூரையை மாற்றலாம், குழாயைச் சரி செய்யலாம். சந்தை விலையைவிட இருபது முப்பது விழுக்காடு குறைத்து எடுத்தால் அந்தச் செலவைத் தாங்கும்.

துப்பாக்கியில் அந்தக் கணக்கு ஓடாது. அதன் முக்கியமான குறைகள் கண்ணுக்குத் தெரியாதவை, தெரிந்தாலும் பெரும்பாலும் சீர்செய்ய முடியாதவை. குழல் சுவர் தேய்ந்து மெலிந்திருந்தால் அதைத் தடிக்கவைக்க வழியில்லை. அந்தக் குறை வெளிப்படும்போது உங்கள் இடது கை குழலைப் பிடித்திருக்கும், முகம் அதன் பக்கத்தில் இருக்கும். ஏலத்தில் பார்வை நாள் ஒன்று கொடுப்பார்கள். சுட்டுப் பார்க்க விடமாட்டார்கள். பிறகு போட்டி சூடுபிடித்து, பக்கத்து நாற்காலிக்காரர் விடமாட்டேன் என்று கையைத் தூக்கும்போது, நூறு வெள்ளி கூட்டிக் கேட்பது சுலபமாகத் தோன்றும். வீட்டு லேலோங்கில் இப்படிச் சந்தை விலைக்கு மேல் போய் மாட்டிக்கொண்டவர்கள் ஜொகூர் பாருவில் நிறைய. நிதானமாகக் கையில் எடுத்து, திறந்து, மூடி, கேள்வி கேட்டு வாங்க வேண்டிய பொருளுக்கு அந்தப் பரபரப்பு ஆகாது.

கடையில் பழையது வாங்கும்போது

உரிமம் கிடைத்துவிட்டது, புதுசுக்குப் பணம் போதவில்லை என்றால் பழையது வாங்குவதில் தவறில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும். வயதான உரிமதாரர்கள் விட்டுக்கொடுத்தவையும் வாரிசுகள் விற்கச் சொன்னவையும் அவரிடம் இருக்கும். மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும், நடுவில் மடித்துத் திறக்கிற 12 போர் துப்பாக்கிதான் நம் தோட்டங்களில் மிகுதி. ஒற்றைக்குழலும் உண்டு, இரட்டைக்குழலும் உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அதுவே 12 போர் குழலின் துளை, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.

கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே தோட்டா இல்லை என்று இருவரும் கண்ணால் பார்த்த பிறகே கையில் வாங்குங்கள். முதல் வேலை எண்ணைப் பார்ப்பது. குழலில் இருக்கும் எண்ணும் உடலில் இருக்கும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும், தேய்த்து அழித்ததுபோல் தெரிந்தாலும், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.

அடுத்து மூட்டு. முன்கைக் கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் பிடிப்பகுதியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். குழலுக்கும் உடலுக்கும் நடுவே கடகடவென்று ஆட்டம் இருந்தால் பூட்டுக் கொக்கி தேய்ந்துவிட்டது. மூடியிருக்கும் இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடைவெளியில் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. வெடிக்கும்போது பின்பக்கம் அழுத்தத்தைத் தாங்கும் இடம் அது.

பிறகு குழல். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் எண்ணெய் போடாமல் விட்டால் போதும், துரு உள்ளே குழிகுழியாகத் தின்றுவிடும். வெறும் கண்ணுக்குப் பளபளவென்று தெரிவதற்காக விற்பதற்கு முன் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். அதனால் உலர்ந்த துணியை இழுத்துத் துடைத்த பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உட்சுவரில் இருண்ட வளையம் ஒன்று குறுக்கே தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். எப்போதோ மண்ணோ துணியோ அடைத்திருந்தபோது சுட்டிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.

பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. தோட்டா உட்காரும் அறை அவற்றில் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளம்தான். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் போகாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் போகும், சுலபமாகவே போகும். தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் சுட்டபிறகு வாய் விரிந்த நிலையின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். சுடும்போது விரிய இடமில்லாமல் வழியை நெருக்கும், அழுத்தம் எகிறும். அறையின் நீளத்தைக் கடைக்காரரை அளந்து காட்டச் சொல்லுங்கள். லண்டன், பர்மிங்ஹாம் சோதனைச் சாலைகளின் முத்திரை குழலின் அடியில் இருக்கும். அது எந்த மருந்துக்கு, எந்த அளவுக்குச் சோதித்தது என்பதை அவர் படித்துச் சொல்ல வேண்டும். குழலின் மேல் பாம்புத்தோல்போல் வரிவரியாக அழகான கோலம் தெரிந்தால் அது இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்த பழைய வகை. கரிமருந்துக் காலத்தில் செய்தது. சுவரில் தொங்கவிட்டால் அழகு. இன்றைய தோட்டாவைப் போட அதை வாங்கக் கூடாது.

கட்டையின் மெல்லிய கழுத்தில் விரிசல் இருக்கிறதா, காப்புப் பொத்தானைப் போட்ட நிலையில் விசை அசைகிறதா என்பதையும் பாருங்கள். பைக்கால், ஸ்டீவன்ஸ் போன்ற சாதாரண வேலைத் துப்பாக்கிகளுக்கு உதிரிப்பாகம் தேடுவது, பெயர்பெற்ற பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளுக்குத் தேடுவதைவிடச் சுலபம். தோட்டத்துக்கு எடுப்பவர் எளிமையானதை எடுப்பதே மேல். எத்தனை தோட்டா வாங்கி வைக்கலாம் என்பதையும் உரிமமே சொல்லும். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்றும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டும் துப்பாக்கி வருவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

உண்மையில் துப்பாக்கி வேண்டுமா

செம்பனைக் கன்றுக்குப் பன்றி ஆபத்தாக இருப்பது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். குருத்து உயர்ந்து தண்டு தடித்துவிட்டால் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்னுமே தவிர மரத்தைக் கொல்லாது. மூன்று ஆண்டுப் பிரச்சினைக்கு வாழ்நாள் பொறுப்பு ஒன்றைச் சுமப்பதா என்று கணக்குப் பாருங்கள். கன்றைச் சுற்றிக் கம்பிவலை, எல்லையில் மின்வேலி, பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வது, இதெல்லாம் பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்று, துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே விலங்கைச் சுட அனுமதி கிடைத்துவிடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத்தில் தோட்டத்துக்குள் வரும் யானை முழுப் பாதுகாப்பில் இருக்கிற விலங்கு. அதை நோக்கிக் குழலைத் திருப்பவே கூடாது. சுட்டால் யானைக்கும் கேடு, காயம்பட்ட யானை திரும்பி வரும்போது உங்களுக்கும் கேடு. உடனே பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள்.

விளையாட்டாகச் சுட விரும்பும் இளையவர்கள் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்து, பயிற்றுநர் மேற்பார்வையில் கற்றுக்கொள்வதே வழி.

அப்பா விட்டுப்போன துப்பாக்கியும் மற்றவையும்

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலைப்படும் பகுதி இது. பழைய தோட்டத்து வீடுகளில், உரிமம் வைத்திருந்த அப்பாவோ தாத்தாவோ இறந்த பிறகு, துப்பாக்கி அலமாரிக்குப் பின்னால் அப்படியே கிடக்கும். வேண்டுமென்று யாரும் ஒளித்து வைப்பதில்லை. கருமாதி, சொத்துப் பிரிப்பு, பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை என்று நாள் ஓடிவிடும். ஆனால் உரிமம் இறந்தவரோடு முடிந்துவிட்டது. வீட்டில் இருக்கிறவர் கையில் இப்போது உரிமமில்லாத ஆயுதம் இருக்கிறது. அம்மாவைத் தனியாக அந்த வீட்டில் விட்டிருந்தால் அந்த ஆபத்து அம்மா தலையில் நிற்கிறது.

செய்ய வேண்டியது எளிது. ஐபிடிக்கு முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமப் புத்தகத்தையும் தயாராக வையுங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நீங்களாக நடக்காமல், எப்படிக் கொண்டுவருவது அல்லது யார் வந்து எடுப்பது என்று அவர்கள் சொல்வதன்படி செய்யுங்கள். மகனோ மகளோ வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பேரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விற்க விரும்பினால் போலீஸுக்குத் தெரிந்த வழியில் கடைக்காரரிடம் போகட்டும். ஒப்படைத்ததற்கு எழுத்துச் சான்று வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மூவார், பக்ரி, பாரிட் சூலோங் பக்கம் 1942 ஜனவரியில் ஜப்பானியப் படையோடு கடும் சண்டை நடந்த மண். குழி தோண்டும்போது அந்தக் காலத்து ஆயுதம் அகப்படலாம். பழைய இரும்புக் கடையிலும் வந்து சேரலாம். எடுத்துத் துடைத்து வரவேற்பறையில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியின் ஓர் உதிரிப் பாகமும் ஆயுதமே. குண்டு கிடந்தால் தொடவே கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு ஆட்களை விலக்கிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள்.

கைப்பேசிச் சந்தைகளில் விற்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் இதே எச்சரிக்கை. பறவை விரட்டத்தானே என்று நூறு இருநூறு வெள்ளிக்கு வரவழைக்கிறார்கள். ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே சொல்கிறது. அசல்போலத் தெரியும் போலித் துப்பாக்கிக்கும் ஓராண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பையனின் பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கியது என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போய்வந்த காரில் கால்மிதியின் கீழ் ஒரு தோட்டா உருண்டு கிடந்தாலும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சிங்கப்பூரின் ஆயுதச் சட்டங்களும் சிறையும் பிரம்படியும் கொண்டவை. உரிமம் வைத்திருப்பவர்கள் பாலம் ஏறுவதற்கு முன் வண்டியைத் துப்புரவாகச் சோதித்துவிட்டுப் போங்கள்.

ஏலத்தில் கிடைத்தது, நண்பரின் நண்பர் விற்கிறார், தாள் பிறகு தருகிறேன் என்று யாராவது ஒரு துப்பாக்கியோடு வந்தால், விலையைக் கேட்கவே வேண்டாம். கையில் வாங்கிப் பார்க்கவும் வேண்டாம். உரிமம் எடுத்து, கடையில், எண் சரிபார்த்து வாங்குவது ஒன்றே ஜொகூரில் இருக்கும் வழி. உங்கள் வீட்டில் உரிமம் முடிந்துபோன துப்பாக்கி ஒன்று கிடந்தால், இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு இன்றைக்கே ஐபிடிக்குப் பேசுங்கள்.